ஊர் விளையாட்டுத் திடல் பாதுகாப்பு: டெல்டா பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராம சபையிலும் வாட்ஸாப் குழுக்களிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அளவுகள் பெரும்பாலும் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட பொதுத் திடல் கையேட்டில் உள்ளவை. ஐரோப்பாவில் இதே வேலைக்கு இ.என். 1176, இ.என். 1177 என்று இரண்டு தரநிலைகள் உண்டு. அந்த அளவுகளை நம்ம களிமண்ணுக்கும் வெயிலுக்கும் வாய்க்காலுக்கும் பொருத்திப் பார்ப்பதுதான் இந்தப் பக்கத்தின் வேலை.

புதிதாகத் திடல் போடப் போகிறோம். முதலில் எதை வாங்க வேண்டும்?

எதையும் வாங்காதீர்கள். முதலில் தரைக்குப் பணம் ஒதுக்குங்கள், மிச்சம் இருப்பதில் சறுக்கு மரமோ ஊஞ்சலோ வாங்கலாம். பெரும்பாலான ஊர்களில் இது தலைகீழாக நடக்கிறது. கலர் கலராகச் சறுக்கு வந்து இறங்கும், திறப்பு விழா நடக்கும், கீழே இருப்பது என்னவோ கோடையில் வெடித்துப் பாறை மாதிரி இறுகிய களிமண் அல்லது பேவர் பிளாக்.

திடலில் குழந்தைகளுக்கு ஏற்படும் காயங்களுக்கு முதல் காரணம் கீழே விழுவதுதான். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் திடல் காயங்களோடு அவசர சிகிச்சைக்குப் போகிறார்கள். குழந்தை விழத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. எதன் மேல் விழுகிறது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

பேவர் பிளாக் சுத்தமாக இருக்கிறதே, மழையில் சேறும் இல்லையே?

நடைபாதைக்குப் போடுங்கள், பெஞ்ச் போடும் இடத்தில் போடுங்கள். ஏறி விளையாடும் எந்தச் சாதனத்தின் கீழேயும், அதைச் சுற்றி 6 அடிக்கும் பேவர் பிளாக், சிமெண்ட் தரை, தார், செங்கல் எதுவும் இருக்கக் கூடாது. புல்லும் வெறும் மண்ணும்கூடப் பாதுகாப்பான தரையாகக் கணக்கில் வராது. ஊஞ்சலுக்குக் கீழே புல் எத்தனை நாள் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும், கால் உரசி உரசி ஒரு மாதத்தில் குழி விழுந்துவிடும்.

அப்படியென்றால் மணல் போதுமா? எவ்வளவு ஆழம்?

இங்கேதான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "மணல் போட்டாச்சு" என்று சொல்லும் இடங்களில் பாதிக்கு மேல் 2 அங்குல மணல்தான் இருக்கிறது, அதுவும் சறுக்கு இறங்கும் இடத்தில் வழித்துப் போய் அடித்தரை தெரிகிறது.

கையேட்டின் கணக்கு இது: நன்றாக அமுங்கிய பிறகும் 9 அங்குல மணல் இருந்தால், 4 அடி உயரத்திலிருந்து விழும் குழந்தைக்கு அது தாங்கும். அதற்கு மேல் உயரம் என்றால் மணலை நம்பக் கூடாது. மரச் சில்லுகள் 9 அங்குலம் இருந்தால் 10 அடி வரை, ரப்பர் துண்டுகள் 6 அங்குலம் இருந்தால் 10 அடி வரை தாங்கும். உதிரியாகக் கொட்டும் பொருள் எதுவும் போகப் போக கால் பங்கு அமுங்கும், ஆகவே 9 அங்குலம் வேண்டுமென்றால் 12 அங்குலம் கொட்டுங்கள்.

இதிலிருந்து இன்னொரு விஷயமும் வருகிறது. உங்களால் மணல்தான் போட முடியும் என்றால், மேடை 4 அடிக்கு மேல் உள்ள சாதனம் எதையும் வாங்காதீர்கள். ஊஞ்சலுக்கு விழும் உயரத்தைச் சங்கிலி மாட்டியிருக்கும் மேல்கம்பி வரை கணக்கிட வேண்டும், பலகை வரை அல்ல. 8 அடி உயர ஊஞ்சலுக்கு 8 அடி தாங்கும் தரை வேண்டும், மணல் அங்கே பத்தாது. ஊஞ்சலுக்கு மட்டுமாவது ரப்பர் தரையோ மரச் சில்லோ போடுங்கள். ரப்பர் டைல் விற்பவரிடம், "இந்தத் தடிமன் எத்தனை அடி வரை சோதித்தது?" என்று கேட்டுச் சோதனை அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். தலை மாதிரி ஒன்றை மேலிருந்து போட்டு அதிர்ச்சியை அளப்பார்கள், தலைக் காய அளவு 1000-ஐத் தாண்டாத உயரம்தான் அந்த டைலின் எல்லை. அறிக்கை இல்லாத டைல் சிமெண்ட் தரைக்குக் கலர் அடித்த மாதிரிதான்.

எந்த மணல்? எம்-சாண்ட் கொட்டலாமா?

வேண்டாம். எம்-சாண்ட் கல்லை உடைத்துச் செய்வது, முனை முனையாக இருக்கும், தூளும் சேர்ந்திருக்கும். கான்கிரீட்டுக்கு நல்லது, ஏனென்றால் ஒன்றோடொன்று இறுகிப் பிடிக்கும். நமக்கு வேண்டியது இறுகாத மணல். சவுடு மண்ணும் அதே காரணத்தால் ஆகாது.

உருண்டையான, கழுவிய ஆற்று மணல்தான் சரி. கொள்ளிடம் பக்கத்திலேயே இருக்கிறது என்று டிராக்டரில் அள்ளிவர முடியாது, அனுமதியோடு விற்கும் இடத்தில் ரசீதோடு வாங்குங்கள். வாங்கும்போது ஒரு பாட்டிலில் பாதி மணலும் பாதி தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். தெளிந்த பிறகு மேலே வண்டல் தடிமனாகப் படிந்தால் அந்த லோடு வேண்டாம், அது கோடையில் இறுகிவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக்காரர்கள் கடற்கரை மணலைக் கேட்கிறார்கள். கடற்கரையில் மணல் அள்ளுவது சட்டப்படி குற்றம், அது போக அந்த உப்பு இரும்புத் தூணை அரித்துவிடும்.

உமி, தேங்காய் நார்க்கழிவு போடலாமா என்றும் கேட்கிறார்கள். உமி காற்றில் பறந்து கண்ணில் விழும். நார்க்கழிவு ஒரு மழைக்குச் சகதியாகும். இரண்டையும் தோட்டத்துக்குப் போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் திடலே குளமாகிவிடுகிறது. என்ன செய்வது?

டெல்டாவில் திடல் கெடுவதற்கு முதல் காரணம் இதுதான். களிமண் தண்ணீரைக் கீழே விடாது. அதில் குழி வெட்டி மணல் நிரப்பினால் நீங்கள் செய்தது ஒரு தொட்டி, அவ்வளவுதான். வடகிழக்குப் பருவமழை முழுக்க அதில் தண்ணீர் நிற்கும், தூண்களின் அடி துருப்பிடிக்கும், கொசு பெருகும், தை மாதம் பார்த்தால் மணலும் களியும் கலந்து கெட்டியாகிக் கிடக்கும்.

ஆகவே வெட்டாதீர்கள், உயர்த்துங்கள். பக்கத்துச் சாலையின் மட்டத்தையும் போன மழையில் தண்ணீர் ஏறிய அடையாளத்தையும் பார்த்து, அதற்கு மேலே வருமாறு மேடாக்கி, சுற்றிலும் முனை மழுங்கிய கட்டை கட்டி அதற்குள் மணலை நிரப்புங்கள். அடித்தளம் ஒரு பக்கமாகச் சரிய வேண்டும். அதன் மேல் கருங்கல் ஜல்லி ஒரு அடுக்கு, ஜல்லிக்கு மேல் தண்ணீரை விடும் வடிகட்டித் துணி, அதற்கு மேல் மணல். தாழ்ந்த பக்கத்தில் ஓட்டை போட்ட குழாய் வைத்துக் கழிவுநீர் வாய்க்காலுக்கு வழி விடுங்கள். துணி இல்லாவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கிவிடும், இரண்டு வருடத்தில் குழந்தைகள் ஜல்லி மேல் விளையாடுவார்கள்.

மழை முடிந்ததும் மணலைக் கொத்திக் கிளறிவிட்டு ஆழத்தைக் கம்பியால் அளந்து பாருங்கள். நாயும் பூனையும் மணலைக் கழிப்பிடமாக்கும், அதில் புழு முட்டைகள் இருக்கும், ஆகவே வேலியில் சந்து இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊஞ்சலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும்?

மேல்கம்பி எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு முன்னால், இரண்டு மடங்கு பின்னால். 8 அடி என்றால் முன்னே 16, பின்னே 16. பக்கவாட்டில் 6 அடி. இந்த இடத்துக்குள் நடைபாதையோ பெஞ்சோ சறுக்கோ வரக் கூடாது. ஊஞ்சலைத் திடலின் ஓரத்தில், ஓடும் குழந்தைகள் குறுக்கே போகாத மூலையில் வையுங்கள்.

ஒரு சட்டத்தில் இரண்டு ஊஞ்சலுக்கு மேல் மாட்டாதீர்கள், மூன்றாவது மாட்டினால் நடு ஊஞ்சலுக்குப் போக ஒரு குழந்தை குறுக்கே ஓடும். இரண்டுக்கும் நடுவில் 24 அங்குலம், தூணுக்கும் ஊஞ்சலுக்கும் 30 அங்குலம். மரப் பலகையும் இரும்பு இருக்கையும் வேண்டாம். வெறும் ஊஞ்சல் ஆடி வந்து நெற்றியில் அடித்தால் பலகை மண்டையை உடைக்கும், ரப்பர் பட்டை இருக்கை அப்படிச் செய்யாது. சங்கிலி மாட்டும் கொக்கியின் வாய் முழுக்க மூடியிருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் சந்து இருந்தால்கூட இடுக்கியால் நெருக்குங்கள், துணியின் நூல் அதில்தான் மாட்டும்.

கம்பிகளுக்கு நடுவில் தலை மாட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

ஆமாம், உயிரே போகக்கூடிய விஷயம் இது. சிறு குழந்தை காலை முதலில் நுழைக்கும், உடம்பு போய்விடும், தலை நிற்கும், கால் தரையில் எட்டாது. சுற்றிலும் அடைபட்ட எந்த இடைவெளியும் 9 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 23 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். நடுவில் உள்ள அளவு எதுவும் ஆபத்து. நம் ஊர் வெல்டிங் பட்டறையில் கைப்பிடிச் சுவர்க் கம்பியை 5, 6 அங்குலத்துக்கு ஒன்று வைப்பது வழக்கம், அதாவது சரியாக அந்த ஆபத்தான அளவு. ஆர்டர் கொடுக்கும்போதே "மூன்றரை அங்குலத்துக்குள்" என்று எழுதிக் கொடுங்கள்.

இருப்பதைச் சோதிக்க: ஒரு கெட்டி அட்டையை 9 x 16 சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள், இன்னொன்றை 23 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாக வெட்டுங்கள். முதல் அட்டை ஒரு சந்துக்குள் போனால் வட்டமும் போக வேண்டும். முதல் அட்டை போய் வட்டம் போகாவிட்டால் அந்த இடத்தை அன்றைக்கே அடைத்துவிடுங்கள். ஏணிப் படிகளுக்கு இடையிலும், மேடைக்கும் சறுக்குக்கும் நடுவிலும் மறக்காமல் பாருங்கள்.

சறுக்கு மரத்தை எந்தத் திசையில் வைப்பது?

வெளிநாட்டுக் கையேடுகள் வடக்குப் பார்த்து வை என்று சொல்லும். அங்கே சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்திருக்கும், நம் ஊரில் அப்படியில்லை. சித்திரை முதல் வாரத்திலேயே உச்சிக்கு வந்துவிட்டு, ஆவணி வரை நண்பகலில் சூரியன் கொஞ்சம் வடக்கேதான் இருக்கும். கத்திரி வெயிலில் வடக்குப் பார்த்த சறுக்கு நேராகக் காயும். ஆகவே திசையை விட நிழல்தான் காரியம், முக்கியமாக மாலை நேரத்துக்கு மேற்குப் பக்க நிழல். வெறும் தகடு மட்டுமா, பிளாஸ்டிக்கும் கறுப்பு ரப்பர் தரையும்கூடச் சுடும். புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களால் சில நொடி வைக்க முடியாவிட்டால் குழந்தையின் தொடை அதைத் தாங்காது.

இன்னொன்று: சின்னக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்காதீர்கள். பாசத்தில்தான் செய்கிறோம். ஆனால் குழந்தையின் செருப்பு ஓரத்தில் உரசி நிற்கும், நம் உடம்பின் எடை அதைக் கீழே தள்ளும், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். தனியாகச் சறுக்க முடியாத வயது என்றால் இன்னும் கொஞ்சம் நாள் பொறுக்கலாம்.

நிழலுக்குக் கீற்றுக் கொட்டகை போடலாமா?

கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பள்ளிக் குழந்தைகளைப் பறிகொடுத்தோம், தீ பரவியது கீற்றுக் கூரையில். குழந்தைகள் கூடும் இடத்தில் கீற்று வேண்டாம், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. வலைத் துணிப் பந்தல் போடலாம், புயல் எச்சரிக்கை வந்தால் உடனே அவிழ்க்கிற மாதிரி கட்டுங்கள். மரம் என்றால் புங்கை, வேம்பு, பூவரசு. முருங்கைக் கிளை ஏறினால் முறியும். தென்னைக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள், காயும் மட்டையும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. அழகுக்கென்று அரளி நடுகிறார்கள், அதன் எல்லாப் பாகமும் விஷம், பிடுங்கிவிடுங்கள்.

இரும்பு சாதனம் துருப்பிடிப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், தரையைத் தொடும் இடத்தில் தூண் உள்ளுக்குள் அரித்திருக்கும். அந்த இடத்து மண்ணை ஒதுக்கிவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். மந்தமான சத்தம் வந்தாலோ தகடு உதிர்ந்தாலோ பூட்டுப் போட்டு மூடுங்கள், பிறகு பழுது பார்க்கலாம். கடற்காற்று வீசும் ஊர்களில் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த குழாய்தான் நிற்கும், வெறும் பெயின்ட் நிற்காது. களிமண் மழையில் ஊதி வெயிலில் சுருங்குவதால் அடித்தளக் கான்கிரீட் ஆடும், மெல்ல மேலே கிளம்பும். அப்படி மேலே தெரியும் கான்கிரீட் முண்டு மேல் விழுந்தால் மணல் போட்டதே வீண். முதலிலேயே ஆழமாக வைத்து, அதன் தலை மணலுக்குக் கீழே மறைந்திருக்கும்படி செய்யுங்கள்.

பெயின்ட் வாங்கும்போது ஈயம் 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று டப்பாவில் போட்டிருக்கிறதா பாருங்கள், இந்தியாவில் 2017 முதல் வீட்டு பெயின்ட்டுக்கு அதுதான் சட்ட வரம்பு. பழைய பெயின்ட்டை உலர் தேய்ப்பாகத் தேய்க்க வேண்டாம், தூள் மணலில் கலக்கும்.

பக்கத்தில் வாய்க்கால் ஓடுகிறது. வேலி கட்டாயமா?

கட்டாயம். நம் பகுதியில் எனக்கு மிகவும் பயமாக இருப்பது இதுதான். கோடை முழுக்க வாய்க்கால் காய்ந்து கிடக்கும், பந்து உருண்டு போனால் குழந்தைகள் இறங்கி எடுத்து வருவார்கள், அதுவே பழக்கமாகிவிடும். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, அப்புறம் கல்லணை திறந்து தண்ணீர் வந்து சேரும். அதே ஜூனில்தான் பள்ளியும் திறக்கிறது. நேற்று வரை நடந்த இடத்தில் இன்று இடுப்பளவு தண்ணீர், அடியில் சேறு.

வேலி குறைந்தது 4 அடி உயரம், ஏற முடியாத செங்குத்துக் கம்பி, தானாகச் சாத்திக்கொள்ளும் கேட். கேட் வாய்க்கால் பக்கம் வேண்டாம். பந்து விளையாடும் பக்கமும் எதிர்ப்பக்கமாக இருக்கட்டும். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களைக் கேட்டு வைத்துப் பள்ளிப் பலகையில் எழுதுங்கள்.

என்ன உடையில் அனுப்பலாம்?

துப்பட்டா, கழுத்து நாடா, தொங்கும் ஷூ லேஸ் வேண்டாம். கழுத்தில் தாயத்துக் கயிறு கட்டியிருந்தால் திடலுக்குப் போகும் நேரத்துக்குக் கழற்றி வையுங்கள், அல்லது கயிற்றை மாற்றி இடுப்பில் கட்டுங்கள். சறுக்கின் உச்சியில் கயிறு மாட்டினால் குழந்தையின் எடையே கழுத்தை இறுக்கிவிடும். சைக்கிள் ஹெல்மெட்டும் ஏறும் முன் கழற்ற வேண்டும்.

பழைய டயரில் விளையாட்டுச் சாமான் செய்யலாமா?

செய்யலாம். உள்ளிருந்து கம்பி நீட்டாத டயராகப் பாருங்கள், அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு வளரும்.

வீட்டில் புடவை கட்டி ஊஞ்சல் போட்டிருக்கிறோம், அது பரவாயில்லையா?

கைக்குழந்தைக்குத் தூளி கட்டுவது வேறு, அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். நடக்கிற பிள்ளைகள் புடவையில் உட்கார்ந்து சுற்றி முறுக்கிக்கொண்டு விளையாடும்போது கழுத்தில் இறுகி உயிர் போகிறது. தூளியில் குழந்தை இல்லாத நேரத்தில் புடவையை மேலே தூக்கிக் கட்டிவிடுங்கள்.

இவ்வளவு கட்டுப்பாடு போட்டால் பிள்ளைகள் விளையாடவே மாட்டார்களே?

நியாயமான கேள்வி, என் பதில் கொஞ்சம் நீளம். குழந்தைக்குக் கண்ணுக்குத் தெரிகிற சவால் வேண்டும்: உயரம், வேகம், சமநிலை. "என்னால் இதைத் தாண்ட முடியுமா" என்று அது தானே யோசித்து முடிவெடுக்கும், அப்படித்தான் வளரும். அரித்த தூணையும் தலை மாட்டும் இடைவெளியையும் குழந்தையால் பார்த்து முடிவெடுக்க முடியாது. அவற்றை மட்டும் நாம் எடுத்துவிட வேண்டும். 1943-ல் டென்மார்க்கின் எம்ட்ரப்பில் பலகையும் கயிறும் செங்கல்லும் கொடுத்துக் குழந்தைகளையே கட்டி விளையாட விட்ட திடல் ஒன்று தொடங்கியது, அந்த யோசனை பிறகு பல நாடுகளுக்குப் போனது.

நமக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. திடலில் பாதியைச் சாமான் இல்லாமல் காலியாக விடுங்கள். பாண்டி, கிட்டிப்புள், பச்சைக்குதிரை, கபடி எல்லாவற்றுக்கும் வெறும் இடம்தான் வேண்டும். கிட்டிப்புள்ளை மட்டும் சின்னப் பிள்ளைகள் பக்கமாக அடிக்க விடாதீர்கள். 5 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனி மூலை, தாழ்ந்த சாதனங்கள். சக்கர நாற்காலியில் வரும் குழந்தை கேட்டிலிருந்து விளையாடும் இடம் வரை மணலில் புதையாமல் போக ஒரு கெட்டிப் பாதையும், அந்தக் குழந்தை அங்கே போய்ச் செய்ய ஏதாவது ஒன்றும் இருக்கட்டும்.

விழுந்துவிட்டால்?

கழுத்து வலி, மயக்கம், வாந்தி, தூக்கக் கலக்கம் இருந்தால் அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். கையை ஊன்றி விழுந்து முழங்கை வீங்கினால், நாட்டுக் கட்டுப் போட ஓடாதீர்கள். முழங்கைக்கு மேலே முறியும் எலும்புக்குப் பக்கத்திலேயே கைக்குப் போகும் ரத்தக் குழாய் இருக்கிறது, இறுக்கிக் கட்டினால் கை நிரந்தரமாக மடங்கிப் போகலாம். அட்டையோ ஸ்கேலோ வைத்து, கை இருக்கும் நிலையிலேயே தளர்வாகத் தாங்கி, எக்ஸ்ரே உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். விரல் வெளுத்தாலோ மரத்துப்போனாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது?

பள்ளி என்றால் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே விளையாட்டுத் திடலும் விளையாட்டுப் பொருட்களும் இருக்கின்றன, பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுத்தில் கொடுங்கள். ஊராட்சித் திடல் என்றால் கிராம சபைதான் இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. "பூங்காவைச் சீரமைக்க வேண்டும்" என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் பெயின்ட் அடித்து முடித்துவிடுவார்கள். ஸ்கேலை மணலில் நட்டுப் போட்டோ எடுங்கள், சந்துக்குள் அட்டை நிற்பதைப் போட்டோ எடுங்கள். தீர்மானத்தில் "ஊஞ்சலுக்குக் கீழே உள்ள சிமெண்ட் தரையை எடுத்து, 8 அடிக்குச் சோதித்த ரப்பர் தரை போட வேண்டும், சறுக்கைச் சுற்றி 6 அடிக்கு 12 அங்குலம் மணல் நிரப்ப வேண்டும், ஒவ்வொரு ஆண்டும் பொங்கலுக்குள் அளந்து குறைந்ததை நிரப்ப வேண்டும்" என்று அளவோடு எழுதச் சொல்லுங்கள். கூட்டம் முடிவதற்குள் தீர்மானப் புத்தகத்தில் அந்த வரி ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.